கார் கேள்வி – பதில்: பாய் ஒட்டுவதற்கு முன் ஓட்டையைத் தேடுங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். என்னிடம் 1973-ஆம் ஆண்டு எம்.ஜி.பி ஜி.டி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. மோட்டர்வேயில் 70 மைல் வேகம் பிடித்தால் பக்கத்து சீட்டில் இருக்கும் மனைவியிடம் கத்தித்தான் பேச வேண்டும். அலுமினியத் தாள் ஒட்டிய ஒலித்தடுப்புப் பாய் ஒரு பெட்டி வாங்கி வைத்துவிட்டேன். தரை, கதவு, கூரை என்று மொத்தமாக ஒட்டிவிடலாமா?

பதில்: பெட்டியை இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். எங்கள் பட்டறைக்கு இதே கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "என்ன சத்தம்?" என்பதுதான். காற்று சீறுகிறதா, தகடு அதிர்கிறதா, கியர்பாக்ஸ் ஊளையிடுகிறதா, காது அடைத்துக்கொள்வதுபோல 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரமா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நீங்கள் வாங்கிய பியூட்டில் (ஒட்டும் ரப்பர்) பாய் இவற்றில் ஒன்றைத்தான், தகடு அதிர்வதைத்தான் அடக்கும். காற்றில் வரும் சத்தத்தை அது பெரிதாகத் தடுக்காது.

ரீங்காரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் களைப்பைத் தருவது அதுதான். உங்கள் காரில் இருப்பது 1798 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின். ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) போடாமல் நான்காவது கியரில் 70 மைல் போனால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,900 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு என்றால் நொடிக்கு 130. அந்த 130 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் இரண்டரை மீட்டருக்கும் மேல். ஒரு சென்டிமீட்டர் நுரைப் பஞ்சு அதை என்ன செய்துவிட முடியும்? ஒன்றும் செய்யாது. ஓவர்டிரைவ் இருந்து, அது வேலையும் செய்தால், அதே வேகத்தில் சுற்று 3,200 அளவுக்கு இறங்கும். உங்கள் காரில் அது இருந்தும் ஒயர் அறுந்து கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். எந்தப் பாயும் தராத நிம்மதியை அது தரும்.

அடுத்து ரப்பர்கள். எஞ்சின் மவுண்டிங், கியர்பாக்ஸ் மவுண்டிங், சைலன்சரைத் தாங்கும் ரப்பர் பட்டைகள். ஐம்பது வருட ரப்பர் கல்லாகியிருக்கும். எண்ணெயில் ஊறியிருந்தால் களிமண் போலாகியிருக்கும். இரண்டுமே எஞ்சின் அதிர்வை நேராக பாடிக்குக் கடத்தும். எம்.ஜி.பி-க்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். அதனால் கடத்தப்பட்ட அதிர்வு நிற்க இடமில்லாமல் தரை, கூரை என்று பரவும். காரைத் தூக்கி நிறுத்தி, சைலன்சர் குழாய் எங்காவது பாடியைத் தொடுகிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். தொடுகிற இடத்தில் தேய்ந்து பளபளவென்று ஒரு தடம் இருக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஓட்டைகளுக்கு வருவோம். ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும். மிச்சத்தை எவ்வளவு கனமாக மூடினாலும் அந்தத் தடுப்பால் 20 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. உங்கள் காரின் ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் தகட்டுச் சுவரில், ஸ்டியரிங் தண்டு நுழையும் இடம், ஒயர் கட்டு நுழையும் இடம், ஹீட்டர் குழாய்கள், பெடல் பெட்டி, கியர் லீவருக்குக் கீழே இருக்கும் ரப்பர் உறை என்று எத்தனை துளைகள்! இரவில் நீங்கள் உள்ளே கால் வைக்கும் பள்ளத்தில் குனிந்து கொள்ளுங்கள். மனைவியைப் பானெட்டைத் திறந்து டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் சத்தமும் சூடும் பெட்ரோல் வாடையும் வரும் வழி. அந்தத் துளைகளை அடைக்கும் புதுக் கிராமெட்டுகள் (ரப்பர் வளையங்கள்) மலிவு.

காற்றுச் சத்தத்துக்கு நான் பயன்படுத்துவது பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப். கதவு இடுக்கு, முக்கோணக் கண்ணாடி, பின்கதவு எல்லாவற்றையும் வெளியிலிருந்து டேப்பால் மூடி, ஓட்டுநர் பக்கத்தை மட்டும் இறங்க விட்டுவிட்டு ஒரு ஓட்டம் போங்கள். அமைதியானால் திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு டேப்பாக உரியுங்கள். எதை உரித்ததும் சீறல் திரும்புகிறதோ அங்கேதான் பீடிங் (இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை) மாற்ற வேண்டும். பின்கதவு பீடிங்கை மட்டும் சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் சோதித்துவிடுங்கள். ஓடும்போது காரின் பின்னால் சுழலும் காற்று சைலன்சர் புகையை அந்த இடுக்கு வழியாக உள்ளே இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இப்போது பெட்டியைப் பிரிக்கலாம். ஆனால் முழுதும் ஒட்டாதீர்கள். விரல் முட்டியால் தகட்டைத் தட்டுங்கள். 'டொங்' என்று நீட்டி ஒலிக்கும் இடத்தின் நடுவில் ஒட்டினால் 'டப்' என்று அடங்கும். தகட்டின் பரப்பில் கால் பங்கு மூடினாலே பயனின் பெரும்பகுதி கிடைத்துவிடும். கதவின் வெளித்தகட்டு உட்புறம், தரையின் நடு, பின்சக்கர வளைவுகள் ஆகியவை முக்கியம். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மறைக்கவே கூடாது. பின்சீட்டுக்குக் கீழே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளின் மூடி இருக்கிறது, அதை ஒட்டிச் சீல் வைத்துவிடாதீர்கள். கூரைக்கு, உள்துணியை மாற்றும் நாள் வரும்வரை பொறுங்கள்.

தரையில் பாய்க்கு மேல் தண்ணீர் உறிஞ்சாத மூடிய நுரை, அதன்மேல் கனத்த வினைல் விரிப்பு, பிறகு கார்ப்பெட். சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள வினைல் என்றால் முன்தரைக்கும் கியர்பாக்ஸ் மேட்டுக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோ கூடும். இந்தக் காருக்கு அது தாங்கும். வினைலை மட்டும் ஒட்டாமல் விரியுங்கள், தூக்கிப் பார்க்க முடிய வேண்டும். லெஸ்டர் மழையில் நனைந்த ஷூவோடு ஏறுகிறீர்கள். பழைய சணல் ஃபெல்ட் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துத்தான் எத்தனையோ எம்.ஜி.பி-களின் தரையைத் தின்றது. உங்கள் ஊரில் 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 முதல் எம்.ஓ.டி என்ற வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அப்படியென்றால் துருவைப் பார்க்க உங்களைத் தவிர யாருமில்லை.

கேள்வி: கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிக்குள் ஊதிப் பெருகும் நுரையை அடித்தால் சத்தம் குறையும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். தனி சேஸிஸ் இல்லாத காரில் அந்தச் சில்தான் முதுகெலும்பு. நுரை ஈரத்தை உள்ளே சிறைவைக்கும். பின்னால் வெல்டிங் செய்ய வேண்டி வந்தால் அது எரிந்து நச்சுப் புகை கக்கும். அங்கே போக வேண்டியது துருவைத் தடுக்கும் மெழுகு எண்ணெய் மட்டும்.

கேள்வி: அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைக் கோவையில் புதுப்பிக்கிறேன். மொட்டை மாடிக்கு ஒட்டும் தார் ஷீட் மலிவாகக் கிடைக்கிறது. தரைக்கு ஒட்டலாமா?

பதில்: சென்னையில் தயாரான ஹெரால்டு இன்னும் ஓடுகிறது என்று படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. தார் ஷீட் வேண்டாம். சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் அது இளகி நாறும், செங்குத்தான தகட்டிலிருந்து வழுகி இறங்கும். பியூட்டில் ஷீட்டையே வாங்குங்கள். கால் பங்குதான் ஒட்டப்போகிறீர்கள், செலவு பயமுறுத்தாது. உங்கள் காரில் சேஸிஸ் தனி, பாடி தனி. நடுவில் இருக்கும் ரப்பர் திண்டுகள் நசுங்கியிருந்தால் அவற்றை மாற்றிவிட்டு, பாடி போல்ட்டுகளைச் சரியாக முடுக்கிய பிறகே ஷீட்டைத் தொடுங்கள்.