ஒரு கீயை அழுத்திப் பிடித்திருப்பது போல் நிரலிலிருந்து அனுப்புவது எப்படி?

விண்டோஸில், சி ஷார்ப் நிரலிலிருந்து வேறொரு அப்ளிகேஷனுக்கு வலது அம்பு கீயை 2 விநாடி அழுத்திப் பிடித்தது போல் அனுப்ப வேண்டும், கீ தட்டல்களை அனுப்பும் டாட்நெட் வசதியான சென்ட்கீஸ் கொடுத்தால் ஒரு தட்டோடு நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சென்ட்கீஸை விட்டுவிடுங்கள். ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் தவிர எந்தக் கீயையும் அது அழுத்திய உடனே விட்டுவிடும். உங்களுக்கு வேண்டியது சென்ட்இன்புட் என்ற விண்டோஸ் ஃபங்ஷன். அதில் அழுத்துவது ஒரு நிகழ்வு, விடுவது தனி நிகழ்வு.

ஆனால் அழுத்தலை அனுப்பி, 2 விநாடி பொறுத்து, விடும் நிகழ்வை அனுப்பினாலும் நோட்பேடில் கர்சர் ஓர் எழுத்துதான் நகரும். பலரும் குழம்புவது இங்கேதான். கையால் அம்பு கீயைப் பிடித்துப் பாருங்கள்: கர்சர் ஓர் எழுத்து நகரும், சற்றுத் தயங்கும், பிறகு கடகடவென்று ஓடும். பழைய பிஎஸ்/2 கீபோர்டு என்றால், அழுத்தல் குறியீட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புவது கீபோர்டேதான். யூஎஸ்பி என்றால் விண்டோஸ் பக்கத்து டிரைவர் அந்த வேலையைச் செய்கிறது. சென்ட்இன்புட் வழியாக நுழையும் கீ இந்த இரண்டையும் தொடாமல் வருவதால் ரிப்பீட் தானாக நடக்காது, நீங்கள்தான் செய்ய வேண்டும். முதல் அழுத்தலுக்குப் பின் அரை விநாடி விட்டு, 33 மில்லி விநாடிக்கு ஒருமுறை மீண்டும் அழுத்தல். நடுவில் விடுதல் வரவே கூடாது, கடைசியில் ஒரே ஒருமுறை போதும். பயனர் தன் கணினியில் வைத்திருக்கும் வேகத்தையே பின்பற்ற விரும்பினால் டாட்நெட்டின் சிஸ்டம்இன்ஃபர்மேஷன் கிளாஸில் கீபோர்டுடிலே (தயக்கம்) 0 முதல் 3 வரையும், கீபோர்டுஸ்பீடு (வேகம்) 0 முதல் 31 வரையும் மதிப்பு தரும்.

கேம் என்றால் கதை வேறு. பெரும்பாலான கேம்கள் கீ கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்ற நிலையைத்தான் பார்க்கும். அங்கே ஓர் அழுத்தல், ஒரு விடுதல் போதும். ஆனால் கேம்களுக்கான டைரக்ட்இன்புட் வசதி வழியாகப் படிப்பவை வெறும் விர்ச்சுவல் கீ எண்ணை (கீக்கு விண்டோஸ் தரும் எண்) கண்டுகொள்ளாது, ஸ்கேன் கோடு (கீக்குக் கீபோர்டு தரும் எண்) வேண்டும். வலது அம்புக்கு அது ஹெக்ஸில் 4டி. கூடவே எக்ஸ்டென்டட் கீ ஃபிளாகையும் போடுங்கள். அது இல்லாவிட்டால் நம்பர் பேடின் 6 ஆகிவிடும்.

விண்டோவுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும் போஸ்ட்மெசேஜில் கீடவுன் மெசேஜை அனுப்பினால் போதும் என்று பலர் சொல்வார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். கீபோர்டின் நிலை அதனால் மாறாது. ஷிஃப்ட் அழுத்தியிருக்கிறதா என்று அப்ளிகேஷன் கேட்டால் இல்லை என்றே பதில் வரும்.

சென்ட்இன்புட் 0 திருப்பினால் முதலில் அதற்குக் கொடுக்கும் இன்புட் ஸ்ட்ரக்டின் அளவைப் பாருங்கள். 64 பிட்டில் 40 பைட் இருக்க வேண்டும். அதற்குள் இருக்கும் யூனியனில் (ஒரே இடத்தைப் பகிரும் பகுதிகள்) மவுஸ் பகுதியைச் சேர்க்காமல் கீபோர்டு பகுதியை மட்டும் எழுதினால் அளவு குறைந்துவிடும். அளவு சரியாக இருந்தும் கீ போய்ச் சேரவில்லையா? எதிரே இருக்கும் அப்ளிகேஷன் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடுகிறதா பாருங்கள். விஸ்டாவிலிருந்தே, குறைந்த உரிமையில் ஓடும் நிரலின் கீயை விண்டோஸ் அங்கே தடுத்துவிடுகிறது. இதுதான் காரணம் என்று எந்தப் பிழை எண்ணும் சொல்லாது.

கடைசியாக, கீயை விடும் நிகழ்வைக் கட்டாயம் ஃபைனலி பிளாக்கில் (பிழை வந்தாலும் ஓடும் பகுதி) வையுங்கள். விரலால் நெடுநேரம் அழுத்த முடியாதவர்களுக்காக இப்படி ஒரு கருவி எழுதியவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நடுவில் எக்ஸெப்ஷன் வந்து கண்ட்ரோல் கீ கீழேயே நின்றுவிட்டால், அடுத்து அவர் தட்டும் டபிள்யூ அவருடைய பிரவுசர் டேபை மூடிவிடும். சோதனையின்போது உங்களுக்கே அப்படி மாட்டிக்கொண்டால், கீபோர்டில் அதே கீயை ஒருமுறை தட்டி விடுங்கள், சரியாகிவிடும்.