கனமான ரிதமுக்கு எந்த பிக்கப்?

கேள்வி: என் கிட்டாரில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பகுதி) மூன்றும் சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள். ஆம்பில் கெயினை (சிக்னல் பெருக்கத்தை) ஏற்றினால் ‘ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல். ஆறாவது கம்பியைப் பாம் மியூட் செய்து (உள்ளங்கை ஓரத்தால் லேசாக அமுக்கி) வேகமாக வாசித்தால் கொழகொழவென்று கலங்கிவிடுகிறது. இருப்பதிலேயே அவுட்புட் அதிகமான ஹம்பக்கரை (இரட்டைச் சுருள் பிக்கப்பை) வாங்கலாமா அண்ணா? மரத்தைக் குடைய வேண்டியிருக்குமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: குடைய வேண்டாம் தம்பி. சிங்கிள் காயில் குழியிலேயே உட்காரும் அளவில் ஹம்பக்கர் கிடைக்கிறது. பிரிட்ஜ் (கிட்டார் உடம்பில் கம்பிகள் தாங்கி நிற்கும் இடம்) பக்கம் ஒன்று மாட்டினால் போதும். உள்ளே எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலைத் தங்களுக்குள் கழித்துவிடும். 1950களில் கிட்டார் கம்பெனியான கிப்சனில் பொறியாளர் சேத் லவர் அதை உருவாக்கியதே இதற்காகத்தான்.

ஆனால் அவுட்புட்டைத் துரத்தாதீர்கள். சுற்று கூடக்கூடச் சத்தம் கூடும், கம்பியின் கூர்மை மழுங்கும். கெயின் கொடுக்க ஆம்ப் இருக்கிறது. பிக்கப்பிடம் கேட்க வேண்டியது இறுக்கமான பேஸ். அதற்கு என் ஓட்டு செராமிக் காந்தத்துக்கு. டிமார்சியோ கம்பெனியின் சூப்பர் டிஸ்டார்ஷன், சீமோர் டங்கன் கம்பெனியின் டங்கன் டிஸ்டார்ஷன் இரண்டும் அந்த வகை. அதே டங்கனின் ஜேபி மாடலில், முழு அளவில், இருப்பது அல்னிகோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம்). லீடுக்கு (தனியாக மெலடி வாசிக்க) அருமை, நீங்கள் கேட்கும் ரிதமுக்கு எனக்குக் கொஞ்சம் தளர்வாகப் படும். இஎம்ஜி 81 நன்றாக இறுகும். ஆனால் 9 வோல்ட் பேட்டரியும் 25 கிலோ ஓம் பாட்டும் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடை) வேண்டும். ஒரே ஒரு பிக்கப்பை மாற்ற நினைக்கும் உங்களுக்கு வீண் சிக்கல். ஹம்பக்கர் போட்டால் வால்யூம் பாட்டையும் 250இலிருந்து 500 கிலோ ஓமுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வரும்.

இன்னொன்று, மெழுகு. நான் வளர்ந்தது தஞ்சாவூரில், வீணைக்கு மெழுகில் மெட்டு பதிக்கும் பட்டறைக்குப் பக்கத்து வீட்டில். அப்படியிருந்தும் பேர் தெரியாத மலிவு ஹம்பக்கர் ஒன்றை வாங்கி, ஒரு திருவிழா மேடையில் கெயினை ஏற்றியதும் அது வீலென்று கத்தியபோதுதான் உறைத்தது: காயிலுக்குள் மெழுகே இறங்கவில்லை. சுற்று தளர்ந்திருந்தால் அதுவே மைக் மாதிரி அதிரும். பாரஃபினோடு கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்து, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அந்தப் பிக்கப்பை முக்கினேன். ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் வந்துகொண்டே இருந்தது. குமிழ் நின்றதும் எடுத்தேன், கத்தலும் நின்றது. ஆகவே வாங்கும்போது மெழுகில் முக்கியதா என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, பணம் கட்டும் முன் ஒரு சாயங்காலம் இதைச் செய்து பாருங்கள். ஆறாவது கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து, கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர் வரும்வரை திருகைத் தளர்த்துங்கள். கெயினைக் கால்பங்கு இறக்குங்கள், ஆம்பில் பேஸையும் குறையுங்கள். அப்புறம் ஆம்ப் பிளக்கில் எர்த் பின் இருக்கிறதா என்று பாருங்கள்; அதை யாராவது உடைத்திருந்தால் முதலில் பிளக்கை மாற்றுங்கள், அது உயிர் விஷயம். கலங்கல் பாதி தெளிந்துவிடும். மீதிக்குத்தான் ஹம்பக்கர்.