பழைய கார் வாங்கி ஊர் வந்து சேர...

சென்ற இதழில் ‘லட்சத்துக்குள் கார்’ என்று நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி, ‘கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டேன், எப்படி வீட்டுக்குக் கொண்டு வர்றது?’ என்ற ரகம். அதனால் இந்த முறை முழுக்க அதுதான். ஈரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் எனக்கு, கார் வாங்கியவர்களைவிட வாங்கி வழியில் நின்றவர்களைத்தான் அதிகம் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

அருப்புக்கோட்டை வாசகர்: திருச்சியில் 2008 மாடல் மாருதி 800 ஒன்று எழுபத்தைந்தாயிரத்துக்கு வருகிறது. பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது? பிடித்திருந்தால் அன்றைக்கே ஓட்டி வந்துவிடலாமா?

நல்ல வண்டியைத்தான் பிடித்திருக்கிறீர்கள். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரி வரை தயாரான கார். மூன்று சிலிண்டர், 796 சி.சி. இதை அவிழ்த்துப் பூட்டத் தெரியாத ஒருவர் தன்னை மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டால் நம்பாதீர்கள். சாமானும் சின்ன ஊர்களில்கூட கிடைக்கும்.

போவதற்கு முதல் நாளே போன் போட்டு, ‘நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக பானட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ காலையிலேயே வண்டியைத் ‘தயார்’ செய்திருக்கிறார்கள். அப்படியானால் டீ குடித்துவிட்டு ஆறும்வரை உட்காருங்கள், அவசரமே இல்லை. பழைய என்ஜினின் வண்டவாளம், ஆறிக் கிடந்து முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போதுதான் வெளியே வரும். ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் செம்மண் கலரில் இருந்தால் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றாமல் வருடக்கணக்கில் போர் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறார்கள். அடுத்து என்ஜின் ஆயில் மூடி. அதன் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி அப்பியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கட் (என்ஜினுக்குள் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் தகடு) போயிருக்கும் என்று சந்தேகம். விலையைக் குறைத்துப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை, கிளம்பி வந்துவிடுங்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் பின்னால் போய் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் வண்டி ஆயில் குடிக்கிறது. வெள்ளைப் புகை ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டால் அது வெறும் ஈரம். விடாமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

கிலோமீட்டர் மீட்டரை நான் பார்ப்பதே இல்லை. அறுபதாயிரம் என்று மீட்டர் காட்டும், பிரேக் பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்து இரும்பு தெரியும். எதை நம்புவீர்கள்? டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) இருந்தால் போதாது, வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் சின்ன வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. அந்த வயது டயர் பார்க்கப் புதுசாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், நாலு வழிச்சாலை வேகத்துக்கு ஆகாது.

பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பதிவு எதுவரை செல்லும் என்ற தேதியைக் கட்டாயம் பாருங்கள். 2008 வண்டிக்குப் பதினைந்து வருடம் 2023-லேயே முடிந்துவிட்டது. புதுப்பித்திருந்தால் 2028 வரை இருக்கும். புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அந்தச் செலவும் தாமதக் கட்டணமும் உங்கள் தலையில்தான். 2028-இல் மறுபடி போகும்போது வண்டிக்கு இருபது வயதாகியிருக்கும். 2025 ஆகஸ்ட்டில் வந்த அறிவிப்புப்படி இருபது வயது தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் மட்டுமே 10,000 ரூபாய். எழுபத்தைந்தாயிரம் ரூபாய் காருக்கு இது சின்னத் தொகை இல்லை, பேரம் பேசும்போது ஞாபகம் வையுங்கள்.

அன்றைக்கே ஓட்டி வரலாமா என்றால், அன்றைக்கே வேண்டாம். வாங்கிய கையோடு திருச்சியிலேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு ஆயில், ஃபில்டர், கூலன்ட், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் இவ்வளவையும் மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டால் விற்பவர் வானத்தைப் பார்ப்பார். அதையும் மாற்றிவிடுங்கள். இரவு தங்கிவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மதுரையைத் தாண்டிவிடலாம். அறுபதுக்கு மேல் மிதிக்க வேண்டாம்.

விராலிமலையில் ஒரு டீக்கு நிறுத்துங்கள். டீ ஒரு சாக்குதான். இறங்கி நாலு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் குனிந்து அடியில் பாருங்கள். கறுப்பாகச் சொட்டினால் ஆயில், பச்சையோ சிவப்போ என்றால் கூலன்ட், நிறமே இல்லாத சுத்தமான தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீர், கவலை வேண்டாம். துவரங்குறிச்சியில் இன்னொரு தடவை இதே மாதிரி. வழியில் டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுசாக வையுங்கள். உங்களுக்கு வியர்த்துக் கொட்டும், ஆனால் என்ஜின் சூடு கொஞ்சம் உள்ளே இறங்கும். முள் அப்போதும் இறங்கவில்லை என்றால் ஓரம் கட்டுங்கள். சூட்டோடு சூடாக ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். முகம் வெந்தவர்களை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்திருக்கிறேன்.

நாமக்கல் வாசகர்: என் பழைய காரை நாற்பதாயிரத்துக்கு ஒரு தம்பிக்குக் கொடுத்தேன். ‘பேர் அப்புறம் மாத்திக்கிறேன் அங்கிள்’ என்று ஓட்டிக்கொண்டு போனவர் இன்னும் மாற்றவில்லை. அபராத மெசேஜ் எல்லாம் என் போனுக்கு வருகிறது. என்ன செய்வது?

அபராதம் பரவாயில்லை சார், அது ஐந்நூறு ஆயிரத்தோடு போகும். அந்தத் தம்பி யார் மீதாவது மோதினால் நிலைமையே வேறு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியை எப்போதோ விற்றுவிட்டேன் என்ற பேச்சு எடுபடவில்லை.

ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குத்தான் படிவம் 29. வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30 கொடுக்க வேண்டும். நீங்கள் இப்போதாவது கையில் இருக்கும் டெலிவரி ரசீது, பணம் வந்த வங்கி விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள். அந்தத் தம்பிக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்.

வாங்குகிறவர்களுக்கும் இதில் சேதி இருக்கிறது. பழைய இன்சூரன்ஸில் தேர்ட் பார்ட்டி பகுதி, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானதுதான் வண்டியோடு கூடவே வரும். உங்கள் காருக்கு அடிபட்டால் கிடைக்கும் பணம் பாலிசி உங்கள் பெயருக்கு மாறினால்தான் வரும், அதற்கு 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஃபாஸ்டேக்கும் அப்படித்தான். பழைய ஓனரின் ஸ்டிக்கரிலேயே ஓட்டிக்கொண்டிருந்து, அவர் அந்தக் கணக்கை முடித்துவிட்டால் டோல்கேட்டில் வழக்கத்தைவிட அதிகமாக எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

கோவை வாசகி: ஊட்டியில் 1998 மாடல் மாருதி 800 முப்பத்தைந்தாயிரத்துக்குப் பேசியிருக்கிறேன். ஓட்டப்போவது நான், பணம் என்னுடையது. ஆனால் விற்பவர் எல்லாவற்றையும் என் கொழுந்தனாரிடமே சொல்கிறார். நானே மலையிறக்கி ஓட்டி வரலாமா?

தாராளமாக ஓட்டி வரலாம். பணம் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும் அம்மா, பேச்சு தானாக உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

மலை வண்டிக்கு வேறு குணம். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருக்கும், ஆனால் அந்தக் கொஞ்ச தூரமும் முதல் கியர், இரண்டாம் கியரில் ஏறி இறங்கியது. கிளட்ச்சும் பிரேக்கும்தான் அடிபட்டிருக்கும். கிளட்ச்சுக்கு ஒரு சோதனை: சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, மூன்றாம் கியர் போட்டு மெதுவாகக் கிளட்ச்சை விடுங்கள். என்ஜின் உடனே நின்றுவிட்டால் நல்லது. நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. கால் மிதியடியைத் தூக்கித் தரையையும் பாருங்கள். ஊட்டி ஈரத்தில் மேலே பளபளப்பும் அடியில் துருவும் சகஜம்.

பிரேக் விஷயத்தில் ஊட்டியிலேயே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பெடலை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது, அந்த வண்டி மலையிறங்கக் கூடாது. பெடல் நின்றாலும் பிரேக் ஆயிலை முழுசாக மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் கொதித்து ஆவியாகும், பெடல் பொசுக்கென்று தரையைத் தொடும். சில நூறு ரூபாய் வேலை இது, கோவை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். குன்னூர், பர்லியாறு, கல்லாறு என்று மேட்டுப்பாளையம் வருவதற்குள் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் இறங்கிவிடுவீர்கள். இரண்டாம் கியரிலேயே இருங்கள். என்ஜின் சத்தம் போடட்டும், வண்டியைப் பிடித்து நிறுத்துவது அதுதான். நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் யோசனையைக் கொழுந்தனார் சொன்னால் அவரைப் பின் சீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே வராமல், ஒரு அழுத்து, ஒரு விடுப்பு என்று வாருங்கள். கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் பஸ்ஸுக்கு வழி விட்டு நில்லுங்கள், மலையில் ஏறுகிறவருக்குத்தான் முதல் உரிமை. கருகல் வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து அரை மணி நேரம் ஓய்வு. சூடான பிரேக் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இன்னொன்று. உங்களுடையது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) வண்டி. மலைக் காற்று மெலிசு என்பதால் பெட்ரோலைக் குறைத்து டியூன் செய்திருப்பார்கள். கீழே கனமான காற்றுக்கு வந்ததும் அது போதாது. இழுவை குறையும், சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடிக்கும், என்ஜின் சூடாகும். வண்டி கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்படாதீர்கள். கோவையில் கார்புரேட்டர் தெரிந்த பழைய மெக்கானிக்காகப் பார்த்து டியூனிங் செய்தால் சரியாகிவிடும்.

தேனி வாசகர்: டெல்லியில் டீசல் கார்கள் பாதி விலைக்குக் கிடைப்பதாகச் சொல்கிறார்கள். வாங்கி நானே ஓட்டி வரலாம் என்று ஆசை.

ஆசை புரிகிறது. டெல்லியில் பத்து வயது தாண்டிய டீசலுக்கும் பதினைந்து தாண்டிய பெட்ரோலுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை 2018-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. அதற்குப் பிறகு வழக்கு, தளர்வு என்று இழுத்துக்கொண்டிருந்தாலும் விற்பவர்களின் பயம் விலையில் தெரிகிறது. ஆனால் கணக்கை முழுசாகப் போடுங்கள். அங்கே ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும், வங்கிக் கடன் இருந்தால் அதை ரத்து செய்த கடிதம் வேண்டும். இங்கே வந்ததும் தமிழ்நாட்டுக்கு ஆயுள் வரி கட்டி நம்பர் மாற்ற வேண்டும். வழியெல்லாம் டோல், டீசல், லாட்ஜ். கூட்டிப் பார்த்தால் நம் ஊர் விலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் நிற்பதில்லை. என்.ஓ.சி. கைக்கு வருவதற்கு முன்னால் முழுப் பணத்தையும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

போவதென்றே முடிவு செய்துவிட்டால் வழி சுலபம். தேசிய நெடுஞ்சாலை 44 ஒன்றே டெல்லியிலிருந்து ஆக்ரா, ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம் வழியாகத் திண்டுக்கல் வரை கொண்டு வந்து விடும். டிசம்பர், ஜனவரியில் போகாதீர்கள், ஆக்ரா பக்கம் காலைப் பனியில் முன்னால் போகும் லாரி தெரியாது. நாக்பூரில் ஒரு நாள் நின்று வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள், அதற்குள் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். சொல்ல வேண்டியதையெல்லாம் வண்டி சொல்லியிருக்கும்.

கரூர் வாசகர்: இருபது வருடப் பழைய காருக்கு இப்போது பங்க்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஆகுமா?

ஓடும். மைலேஜ் கொஞ்சம் குறையும். 20 சதவீத எத்தனாலை மனதில் வைத்துச் செய்த வண்டி இல்லை அது. பழைய ரப்பர் ஹோஸ்கள் ஊறி இளகும். பெட்ரோல் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் முழுசாகப் புதுசு போடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் டேங்க் நிறைய பெட்ரோலை வைத்திருக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

பெருந்துறை வாசகி: பழைய காராக இருந்தாலும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டித்தான் வாசலுக்குள் விட வேண்டும் என்கிறார் மாமியார். செய்யலாமா?

செய்யுங்கள், பெரியவர்கள் மனசு நிறையட்டும். எலுமிச்சம்பழம் டயரை ஒன்றும் செய்யாது. கற்பூரத்தைப் பற்ற வைப்பதற்கு முன்னால் மட்டும் பானட்டைத் திறந்து ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். கரூர்க்காரருக்குச் சொன்ன ஹோஸ் உங்கள் வண்டியிலும் இருக்கிறது. பெட்ரோல் வாடை வந்தால் கற்பூரத்தட்டை வாசல்படியிலேயே வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.