பாலைவனத்தில் ஒரு பாய்லர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

காங்கேயத்தில் ஒரு அரிசி ஆலையில் பாய்லர் பார்க்கிறேன். உமி எரிக்கிற பாய்லர். என் மகள் ‘அப்பாரே ரன்மன்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் போட்டாள், நானும் கூட உட்கார்ந்துவிட்டேன். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் வரை கார் பந்தயம். பெரிய கம்பெனி ஆட்கள் பெட்ரோல் காரில் வருகிறார்கள். கதாநாயகன் அப்பாரே மட்டும் தானே செய்த நீராவிக் காரில் போகிறான். எனக்கு அங்கேதான் இடித்தது. எங்கள் பாய்லரைக் காலையில் பற்றவைத்தால் ஸ்டீம் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தண்ணீரையும் சாஃப்ட்னரில் விட்டுத்தான் ஏற்றுகிறோம். இவன் பாலைவனத்தில் தண்ணீருக்கு எங்கே போவான்? மேடு பள்ளத்தில் தூக்கிப்போட்டால் பாய்லர் வெடிக்காதா? இது முழுக் கற்பனையா, அப்படி ஒரு கார் நிஜமாகவே இருந்ததா? என்னை அதில் பாய்லர் பார்க்க ஏற்றிவிட்டால் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

செ. முருகேசன்

*

அன்புள்ள முருகேசன்,

கார் கற்பனை இல்லை. 1900இல் அமெரிக்காவில் தயாரான 4192 கார்களில் 1681 நீராவி, 1575 மின்சாரம், பெட்ரோல் வெறும் 936. தொடர் நடப்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். அந்தக் காலத்தில் ஒருவன் நீராவிக் கார் செய்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

பந்தயம்தான் கற்பனை. ஒரு கார் அமெரிக்காவை இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல் வரை முதன்முதலாகக் கடந்ததே 1903இல்தான். ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற டாக்டரும் சூவல் குரோக்கர் என்ற மெக்கானிக்கும் 20 குதிரைத்திறன் கொண்ட வின்டன் பெட்ரோல் காரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் போய்ச் சேர 63 நாள் ஆயிற்று. அதற்கு இரண்டு வருடம் முன்பு, அந்தக் காரைத் தயாரிக்கும் அலெக்சாண்டர் வின்டனே புறப்பட்டு நெவாடா மணலில் புதைந்து பயணத்தைக் கைவிட்டிருந்தார். ஜாக்சன் அந்த மணலைத் தவிர்க்கத்தான் வடக்கே ஆரிகன் வரை சுற்றிக்கொண்டு போனார்.

ஸ்டீம் ஏறும் நேரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பாய்லருக்கு நேரம் பிடிப்பது உள்ளே நிற்கும் தண்ணீராலும் செங்கல் கட்டுமானத்தாலும்தான். அன்றைய லோகோமொபைல் என்ற நீராவிக் காரின் பாய்லர் 14 அங்குல விட்டம், கிட்டத்தட்ட அவ்வளவே உயரம். அதற்குள் நெட்டுக்குத்தாகச் சுமார் 300 செப்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் அரை அங்குலம். குழாய்க்குள் நெருப்பு, வெளியே தண்ணீர். நிற்கும் தண்ணீர் சில காலன்தான். அடியில் உள்ள பர்னருக்குப் பெட்ரோல் ஆவியாகத்தான் போக வேண்டும் என்பதால், முதலில் ஆவியாக்கும் குழாயை டார்ச் வைத்துச் சூடேற்றுவார்கள். அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் வண்டி கிளம்பிவிடும். ஒயிட் கம்பெனி கார்களில் பானை மாதிரி பாய்லரே கிடையாது. நீளமான சுருள் குழாயில் மேலே தண்ணீர் இறங்கினால் கீழே ஸ்டீமாக வெளியே வரும். அது இன்னும் சீக்கிரம். பானை பாய்லர் உள்ள ஸ்டான்லி போன்ற கார்களில், பர்னருக்குப் பக்கத்துச் சிறு சுடரான பைலட் விளக்கை இரவெல்லாம் எரியவிட்டால் காலையில் பிரஷர் இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் சந்தேகம் மிகச் சரி. ஸ்டீமைத் திரும்பத் தண்ணீராக்கும் கண்டென்சர் இல்லாத கார் ஒரு காலன் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒரு மைல் ஓடும், அதாவது கிலோமீட்டருக்கு இரண்டேகால் லிட்டருக்கு மேல். லாஸ் ஏஞ்சல்ஸ் - நியூயார்க் தூரம் 2800 மைல் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 10,600 லிட்டர், நம் ஊரில் ஒரு தண்ணி லாரி. இவ்வளவும் ஆவியாகிக் காற்றில் போய்விடும். லோகோமொபைல்காரர்கள் 20 மைலுக்கு ஒருமுறை நிறுத்தி நிரப்பினார்கள். கிழக்கு மாநிலங்களில் இது பெரிய பாடில்லை, ஊருக்கு ஊர் குதிரைகளுக்குத் தொட்டி கட்டியிருந்தார்கள். ஸ்டான்லி கம்பெனியின் நீராவிக் கார்கள் அந்தத் தொட்டிகளை நம்பித்தான் ஓடின. 1914இல் கோமாரி பரவியபோது தொட்டிகளை மூடிவிட்டார்கள். ஸ்டான்லி 1915 மாடலில் கண்டென்சர் வைத்தது அதன் பிறகுதான்.

மேற்கே குதிரைத் தொட்டி கிடையாது, ரயில் பாதைதான் கதி. ரயில் என்ஜினுக்கும் இதே தாகம் என்பதால் பாதையோரம் தண்ணீர்த் தொட்டிகள் இருந்தன. ஆனால் மொஹாவே பாலைவனத்தில் சில இடங்களுக்கு ரயில்வேயே நல்ல தண்ணீரை டேங்க் வேகனில் கொண்டுபோய் இறக்கியது. உள்ளூர்த் தண்ணீர் அவ்வளவு உப்பு. அப்பாரேயின் கார் இதில் எதையாவது எடுத்துப் பாய்லரில் ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேல், அதாவது உப்புப் பாறை, படிவது மெதுவாக வரும் கேடு. உடனே வருவது நுரை. உப்பு கூடக்கூடத் தண்ணீர் பொங்கி ஸ்டீமோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். தண்ணீரைப் பிஸ்டன் அமுக்க முடியாது. சிலிண்டர் தலை விரிசல் விடும், இல்லையென்றால் கனெக்டிங் ராடு வளையும். தினமும் சாயங்காலம் மிச்சப் பிரஷரோடு புளோடவுன் செய்தே, அதாவது உப்புத் தண்ணீரை வெளியே ஊதித் தள்ளியே தீர வேண்டும். அதற்கும் தண்ணீர் செலவு.

இதைவிட மோசமான ஒன்று பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்ப். உங்கள் ஆலையில் பம்ப் மோட்டாரில் ஓடுகிறது. இந்தக் கார்களில் பம்ப் என்ஜினோடு பிணைத்தது, என்ஜின் நேராகப் பின் அச்சோடு பிணைத்தது, நடுவில் கிளட்சும் கியரும் இல்லை. சக்கரம் இத்தனை சுற்றுச் சுற்றினால் இத்தனை தண்ணீர் உள்ளே போகும், அவ்வளவுதான். சமதளத்தில் இது அதிகமாகவே இருக்கும், பைபாஸ் வால்வைத் திறந்து தொட்டிக்கே திருப்பிவிடுவார்கள். ஆழ மணலில் கதை மாறும். வண்டி ஊர்கிறது, அதனால் பம்ப் அடிப்பது குறைவு. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டீம் இரண்டு மூன்று மடங்கு போகிறது. கேஜ் கிளாஸில் மட்டம் கண்ணெதிரே இறங்கும். அந்தக் கண்ணாடிக் குழாய் வண்டியின் பக்கவாட்டில், இருக்கைக்குக் கீழே இருந்தது. ஓட்டுகிறவர் குனிந்து பார்க்க முடியாது என்பதால் முன்னால் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து ஓட்டினார்கள். புழுதி படிந்தால் அதுவும் தெரியாது. மட்டம் இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் கைப்பம்ப் அடிக்க வேண்டும். உண்மைக்கு நெருக்கமாக எடுத்திருந்தால் அப்பாரேயோடு காரில் போகும் சாமுராய் கொசாமேவுக்குப் பாதித் தொடரில் அந்த வேலைதான் இருந்திருக்கும். துப்பாக்கிச் சண்டைக்குக் கொடுத்த நேரத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கியிருந்தால் 13 பாகமும் இன்னும் விறுவிறுப்பாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

பாய்லர் வெடிக்காதா என்று கேட்டீர்கள். வெடிக்காது. ஸ்டான்லி பாய்லரின் வெளிக்கூட்டைச் சுற்றிப் பியானோ கம்பியை அடுக்கடுக்காக இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். தண்ணீர் வற்றினால் கூடு பிளக்கும் முன்பே அடித்தட்டில் செப்புக் குழாய்களின் பிடி தளர்ந்து ஒழுகத் தொடங்கும், பிரஷர் இறங்கிவிடும். உயிருக்குச் சேதமில்லை. ஆனால் பந்தயம் போயிற்று, ஒழுகும் குழாயை ஒவ்வொன்றாகக் கூம்பு டிரிஃப்டு (கூம்பான எஃகு முளை) வைத்து அடித்து மறுபடி இறுக்க வேண்டும்.

அப்படியானால் எதற்கு நீராவி என்று கேட்கலாம். நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கிடைக்கிறதே, அதற்குத்தான். பெட்ரோல் கார் ஏற்றத்தில் கியர் மாற்றும்போது மூச்சு வாங்கி நின்றுவிடும் காலம் அது. 1899 ஆகஸ்டில் எஃப்.ஓ. ஸ்டான்லி, மனைவியையும் உட்கார வைத்துக்கொண்டு, 6288 அடி உயர வாஷிங்டன் மலை உச்சிக்கு நீராவிக் காரில் ஏறினார். 1906இல் ஃபிரெட் மேரியட் ஒரு ஸ்டான்லியை ஃபுளோரிடா கடற்கரையில் மணிக்கு 127 மைல் வேகத்தில் ஓட்டினார். குறுகிய தூரத்தில் அன்று அதை அடிக்க ஆளில்லை. நாடு கடக்கும் பந்தயத்தில் வேகம் இரண்டாம் பட்சம். 1908இல் நியூயார்க் - பாரிஸ் பந்தயத்தில் புறப்பட்ட 6 கார்களில் பாரிஸ் சேர்ந்தது 3. அதில் ஜெயித்த தாமஸ் ஃபிளையர் அமெரிக்காவைக் கடக்கவே 41 நாள் எடுத்துக்கொண்டது.

கண்டென்சர் வைத்தால் தீராதா என்றால், ஓரளவுதான். ஒயிட் கார்களில் அது ஸ்டான்லிக்கு முன்பே இருந்தது, ஒரு தொட்டித் தண்ணீரில் 100 மைல் சுற்றுக்குப் போகும். ஆனால் சிலிண்டருக்குப் போடும் எண்ணெய் ஸ்டீமோடு கலந்து திரும்பத் தொட்டிக்கு வரும். வடிகட்டாமல் விட்டால் அது பாய்லருக்குள் படலமாக ஒட்டும், உலோகம் அங்கே அளவு மீறிச் சூடாகும். தவிரவும் பாலைவன வெயிலில் மெதுவாக ஊரும் வண்டியின் கண்டென்சருக்குக் காற்றே கிடைக்காது. அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அது கைவிடும்.

உங்களை ஏற்றிவிட்டால்: கேஜ் கிளாஸ் அரை டஜன், வாஷரோடு. வால்வு ராடில் ஸ்டீம் கசியாமல் அடைக்க பேக்கிங் கயிறு. டிரிஃப்டும் சுத்தியலும். பர்னரின் ஆவிக் குழாயில் கரி அடைக்கும், அதை இழுத்துச் சுரண்ட எஃகுக் கம்பி வடம் ஒன்று. ஓடையைக் கண்டால் வாளியில் மொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், ஸ்டீம் எஜெக்டர் உண்டு, ஹோஸ் முனையில் சல்லடை கட்டிப் போட்டால் அதுவே உறிஞ்சும். உபரியாக 40 லிட்டர் தண்ணீர் கேனில் வையுங்கள், அது 17 கிலோமீட்டருக்குத்தான் வரும், மணலில் அதில் பாதி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1903இல் ஜாக்சனுக்குப் பின்னால் புறப்பட்டு நெவாடா வழியாகவே கடந்த பேக்கார்ட் காரில் நீளமான கேன்வாஸ் துணிகள் இருந்தன, மணலில் விரித்து அதன்மேல் ஓட்டினார்கள். அதையும் கயிறு கப்பியையும் விட்டுவிட வேண்டாம்.

சிலிண்டர் எண்ணெயை மட்டும் மொத்தமாகச் சுமக்காதீர்கள். ஜாக்சன் உடைந்த பாகங்களுக்காக ரயில் எப்போது வரும் என்று நாள்கணக்கில் காத்துக் கிடந்தார். அதைப் பார்த்தாவது எண்ணெயையும் பேக்கிங்கையும் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கிளம்பும் முன்பே பார்சலில் ஆல்புகெர்க்கி, கான்சாஸ் சிட்டி, சிகாகோ ஸ்டேஷன்களுக்கு அனுப்பிவிட வேண்டும். சான்டா ஃபே பாதை அந்த மூன்று ஊர் வழியாகத்தான் போகிறது, உங்களுக்குத் தண்ணீரும் அதே பாதையில்தான்.