எட்டாயிரத்துக்குள்ள ஆடாம வீடியோ எடுக்கணும், என்ன வாங்கறது?

பெங்களூரு அல்சூர்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, செகண்ட் ஹேண்ட் மிரர்லெஸ் கேமரா வச்சிருக்காராம், ஆடி மாசம் அம்மன் ஊர்வலம் எடுத்தா வீடியோ மொத்தமும் ஆடுதாம், 8,000 ரூபாய்க்குள்ள எந்த கிம்பல் (மோட்டார் வச்சு கேமராவ ஆடாம பிடிக்கற கைப்பிடி) நல்லதுன்னு.

தம்பி, அந்த காசுக்கு கிம்பல் வேண்டாம். பாடியும் லென்ஸும் சேர்ந்து முக்கால் கிலோ, ஒரு கிலோ வந்துடும், அதை தாங்கற 3 மோட்டார் கிம்பல் இந்த பட்ஜெட்டுல புதுசா கிடைக்கறது கஷ்டம், கடையில காட்டறது பெரும்பாலும் போனுக்கானது, அதுல கேமராவ மாட்டினா மோட்டார் திணறிடும். அதுவுமில்லாம கிம்பல் சரி பண்றது கை சாயறதையும் திரும்பறதையும் மட்டும்தான், நடக்கும்போது உடம்பு மேல கீழ குதிக்குதே அது அப்படியே வீடியோல வரும், முட்டிய லேசா மடக்கி நடந்து பழகினாதான் அது அடங்கும், அந்த நெரிசல்ல அதுக்கு எங்க இடம்.

ஊர்வலம்னா நீங்க நிக்கற இடத்துக்கு தேர் வரப்போகுது, அதனால மோனோபாட் போதும்னுதான் நான் சொல்வேன், ஒத்தக்கால் ஸ்டாண்டு, அடியில சின்னதா மூணு பாதம் விரியற மாடலா பாருங்க. பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைப் பக்கம் போனா வாங்கறதுக்கு முன்னாடி முழுசா நீட்டி மேலேர்ந்து நல்லா அமுக்கிப் பாருங்க, கால் உள்ள இறங்குச்சுன்னா வேண்டாம்னு வச்சிட்டு வந்துடுங்க. ஃப்ளூயிட் ஹெட்னு (உள்ள எண்ணெய் வச்சு கேமராவ வழுவழுன்னு திருப்பற தலை) ஸ்டிக்கர் ஒட்டியிருக்கறதை மட்டும் நம்பாதீங்க, மெதுவா திருப்பும்போது வெட்டி வெட்டி நகர்ந்தா அது வெறும் கிரீஸ்.

ராத்திரியில ஷட்டர் 1/50 செகண்டு, செகண்டுக்கு 25 ஃப்ரேம் வைங்க, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சீரியல் லைட்டு மினுக்கறது குறையும். எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷனை (கேமரா சாஃப்ட்வேர்லயே ஆட்டத்தை குறைக்கறது) அப்போ ஆஃப் பண்ணிடுங்க, ஃப்ரேமுக்குள்ளயே இழுவிப்போன வெளிச்சத்தை அதால சரி பண்ண முடியாது, கூடவே ஓரத்தையும் வெட்டிடும். ஜூம் பண்ணாம வைட்ல வச்சு கிட்ட போங்க, ஆட்டம் பாதி தெரியாது.

மோனோபாட் வாங்கற வரைக்கும் ஒரு வழி இருக்கு, கேமரா அடியில இருக்கற ட்ரைபாட் ஓட்டையில ஒரு போல்ட், அதுல கயிறு கட்டி மறுமுனைய கால்ல மிதிச்சிட்டு கேமராவ மேல விறைப்பா இழுத்துப் பிடிங்க, மேல கீழ ஆடறது நல்லாவே அடங்கும். ஆனா அந்த ஓட்டை கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை, ஹார்டுவேர் கடையில எம்6 போல்டை எடுத்துக் குடுப்பாங்க, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், மரை வேற, இறுகுற இடத்துல பலம் போட்டு திருகிடாதீங்க, கேமராவ கையோட கொண்டு போயி விரலாலயே திருகிப் பார்த்து வாங்குங்க.