எட்டு அங்குலப் பலகை வாங்கும் முன் தரையைச் சோதியுங்கள்

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் தரைத்தளக் கூடத்தில் சிமெண்ட் தரை பொரிந்து வருகிறது. அதன்மேல் 8 அங்குல அகலத்தில் ஓக் பலகை பதிக்க ஆசை. ‘சூளையில் உலர்த்திய மரம், இனி அசையாது’ என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். சூளை மரத்திலுள்ள நீரைக் குறைக்கும். மீண்டும் ஈரம் உறிஞ்சும் குணத்தைப் போக்காது. எந்த மரமும் அகலவாக்கில் விரியும், சுருங்கும். ஈரம் 4 சதவீதம் மாறினால் 8 அங்குல ஓக் பலகையில் ஏறக்குறைய 3 மி.மீ. வித்தியாசம் வரும். குறுகிய பலகைகளில் இது பல இடுக்குகளுக்குப் பங்காகிக் கண்ணில் படாது. அகலப் பலகையில் பளிச்சென்று தெரியும்.

உங்களுக்கு அதைவிடப் பெரிய தொல்லை தரைக்கடியில் இருக்கிறது. பழைய வீடுகள் பலவற்றில் ஈரத்தடுப்பு என்ற ஒன்றே கிடையாது. சிமெண்ட் பொரிவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அடிப்பக்கம் ஈரத்தில் உப்பி மேற்பக்கம் காய்ந்திருந்தால் பலகையின் ஓரங்கள் தூக்கி, நடுப்பகுதி பள்ளமாகிவிடும். இரண்டடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் ஒட்டி இரண்டு நாள் விட்டுவையுங்கள். அடியில் நீர் கோத்தாலோ தரை கறுத்தாலோ முதலில் ஈரத்தைத் தடுக்க வழி செய்யுங்கள். கோக்கவில்லை என்பதாலேயே தரை காய்ந்துவிட்டது என்றும் ஆகாது. துளையிட்டு உள் ஈரத்தை அளக்கச் சொல்லுங்கள்.

அதில் தேறினாலும் முழு மரப்பலகை வேண்டாம். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய எஞ்சினியர்டு பலகை வாங்குங்கள். அது குறைவாகவே அசையும். மேலடுக்கு 4 மி.மீ. அசல் மரமாக இருக்கட்டும். ஒரு மி.மீ. கூட இல்லாத தோலை ஒட்டி அதே பெயரில் விற்கிறார்கள். அதை ஒருமுறைகூட இழைக்க முடியாது. மரத்தின் படம் அச்சடித்த லேமினேட்டுக்கும் ‘மரத்தரை’ என்றே பெயர் சூட்டுகிறார்கள். மாதிரித் துண்டின் வெட்டுமுனையைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

முழு மரம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு: மாடியில் மர விட்டங்களின்மேல் பதிப்பது. அங்கே மண்ணின் ஈரம் இல்லை. அப்போதும் ஆரவெட்டுப் பலகையாகக் கேளுங்கள். முனையைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குக் குறுக்கே, ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். வில்லாக வளைந்திருந்தால் அது சாதாரண வெட்டு. ஓக்கில் ஆரவெட்டின் அசைவு சாதாரண வெட்டில் பாதிக்கும் குறைவு. பலகைக் கட்டின் மேலே நாலு ஆரவெட்டு, கீழே முழுக்கச் சாதாரண வெட்டு என்று கலந்து அனுப்புவார்கள். அவிழ்த்துப் பார்த்து இறக்குங்கள்.

உத்தரவாத அட்டையைக் காட்டி மயக்குவார்கள். அதன் பொடி எழுத்தில் ‘ஈரத்தால் வரும் பழுது சேராது’ என்றிருக்கும். மரத்தரைக்கு வேறென்ன பழுது வரும்? பலகை வளைந்தால் விற்றவர் பதித்தவரைக் கைகாட்டுவார், பதித்தவர் உங்கள் வீட்டைக் கைகாட்டுவார். பதிக்கும் நாளன்று பலகையின் ஈரத்தையும் தரையின் ஈரத்தையும் கருவியால் அளந்து, எண்களைப் பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தட்டிப் பார்த்து ‘காய்ந்துவிட்டது’ என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

சுவரோரம் முழுக்கப் பலகையின் கனத்துக்கு இடைவெளி விடச் சொல்லுங்கள். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். ‘அழகாக இருக்கும்’ என்று சுவரோடு முட்ட வைத்தால், பலகை விரியும்போது தரையே கூரைபோல் எழும்பும். அதே தொகுப்பில் பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி, மிச்சத்தைத் தட்டையாகப் படுக்கவைத்துச் சேமியுங்கள். பின்னாளில் ஒரு பலகை மாற்ற நேர்ந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.