அழ வைப்பது ரம்மா, அண்ணனா?

(சிங்கப்பூர் ஹோட்டல் பார்களில் 26 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பிவிட்ட பார்டெண்டர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ரம் அடித்தால் அழுகை, விஸ்கி அடித்தால் சண்டை, பிராண்டி அடித்தால் தத்துவம். இது எங்கள் மேன்ஷன் கணக்கு. பல வருடமாகச் சரியாகத்தான் வருகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– எஸ்.ஆர்., திருவல்லிக்கேணி

என்ன பிராண்ட் என்று எழுதவில்லையே தம்பி. மாதக் கடைசியில் சில்லறை பொறுக்கி வாங்குகிற குவாட்டர் என்றால் ஒரு சங்கதி சொல்கிறேன். நம் நாட்டில் மலிவாக வரும் விஸ்கி, பிராண்டி, ரம் மூன்றும் பெரும்பாலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸைப் புளிக்கவைத்துக் காய்ச்சி, வாசனை போகும்வரை சுத்தப்படுத்திய ஸ்பிரிட்தான் அந்தத் தாய். அப்புறம் நிறம் மாறும், எசன்ஸ் மாறும், லேபிள் மாறும். ஆல்கஹால் மூன்றிலும் 42.8 சதவீதம். இதில் ஒருவன் மட்டும் அழ வைக்கிறான், இன்னொருவன் சட்டையைப் பிடிக்க வைக்கிறான் என்றால் எப்படி?

உங்கள் கட்சிக்கும் சாட்சி உண்டு, மறைக்க மாட்டேன். 21 நாடுகளில் 18 முதல் 34 வயது வரையுள்ள சுமார் 30,000 பேரிடம் கேட்டு 2017-இல் பி.எம்.ஜே. ஓப்பன் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. விஸ்கி, ரம் மாதிரி காய்ச்சி வடித்த ஸ்பிரிட் குடித்தால் ஆத்திரம் வருகிறது என்றவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம். ரெட் ஒயினுக்கு அப்படிச் சொன்னவர்கள் 3 சதவீதம்கூட இல்லை. ஆனால் அது அவரவர் வாயால் சொன்னது, யாரும் அளந்து பார்த்ததில்லை. அதோடு, ஒயினைச் சாப்பாட்டோடு மெதுவாகக் குடிப்பவரையும், காலி வயிற்றில் மடமடவென்று ரெண்டு லார்ஜ் இறக்குபவரையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

1975-இல் அமெரிக்காவில் வேறொரு சோதனை நடந்தது. சிலருக்கு ஓட்கா கலந்த டானிக் வாட்டர் என்ற கசப்புச் சோடா, சிலருக்கு வெறும் டானிக். கையில் இருப்பது எது என்பதை ஒரு பாதிப் பேரிடம் மாற்றிச் சொன்னார்கள். உள்ளே என்ன போனது என்பதைவிட, ஓட்கா குடித்திருக்கிறோம் என்று நம்பியவர்கள்தான் அதிகம் முரட்டுத்தனம் காட்டினார்கள்.

எனக்கு இது ஆச்சரியமே இல்லை. எங்கள் பாருக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு கப்பல் கம்பெனிக்காரர் வருவார். ஜின் டானிக். நாலாவது கிளாஸில், பேச்சுவார்த்தை இல்லாமல் போன அண்ணனை நினைத்து அழுவார். ஒருநாள் கூட வந்த நண்பர் என் பக்கம் சாய்ந்து, “ரெண்டோட நிறுத்திடுங்க, அவருக்குத் தெரிய வேணாம்” என்றார். மூன்றாவதிலிருந்து வெறும் டானிக்தான் ஊற்றினேன். எலுமிச்சைத் துண்டை ஜின்னில் முக்கி கிளாஸ் விளிம்பில் மட்டும் ஒரு சுற்றுத் தடவிக் கொடுத்தேன், வாசனைக்கு. நாலாவது கிளாஸ் போனது. அண்ணனும் வந்துவிட்டார். டிஷ்யூ எடுத்து நீட்டினேன். பில்லில் ரெண்டு ஜின்தான் போட்டிருந்தேன், அவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். ஒரு வாடிக்கையாளரை அப்படி ஏமாற்றியிருக்கலாமா என்று இப்போதும் ஒரு உறுத்தல் உண்டு.

உங்கள் மேன்ஷனிலும் ரம் எந்த நாளில் வாங்குகிறீர்கள், யார் கூட உட்கார்கிறீர்கள் என்று கவனியுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு விஸ்கி குடிக்கும் நாளில் மட்டும் வாய் தடிக்கிறது. பீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்கிறார்கள். மாறச் சொல்லட்டுமா?
– பெயர் வேண்டாம், கரூர்

வேண்டாம்மா. குளிர்ச்சி என்பது பாட்டில் ஃபிரிட்ஜில் இருந்ததால் வந்தது. 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உள்ளே 52 மில்லி ஆல்கஹால். ரெண்டு லார்ஜ், அதாவது 120 மில்லி விஸ்கியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அவர் மூன்று பாட்டில் குளிர்ச்சி குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வீர்கள்? பிராண்டி சூடு என்பதும் இதே கதைதான். தோலுக்கு அடியில் ரத்தக்குழாய் விரிவதால் கதகதவென்று இருக்கும், உடம்பின் உள்சூடு உண்மையில் இறங்கத்தான் செய்யும்.

விஸ்கி நாள் என்றால் பெரும்பாலும் கூட்டாளிகள் நாள். சோடா ஊற்றி, சாப்பிடாமல், ஒருவருக்கொருவர் போட்டி போட்டு. குறைக்க வேண்டியது அளவும் வேகமும்தான், அதையும் தெளிந்திருக்கும் காலை நேரத்தில் பேசுங்கள். வாயோடு நிற்காமல் கை நீண்டிருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு போன் அடியுங்கள். எந்த பாட்டில் என்று அங்கே கேட்க மாட்டார்கள்.

கலந்து குடித்தால்தான் மறுநாள் தலைவலியாமே?
– கே., தூத்துக்குடி

கலந்தால் கணக்கு விட்டுப்போகும், அதுதான் முதல் காரணம். மற்றபடி பீப்பாயில் ஊறி நிறமேறிய சரக்கில், ஆல்கஹாலோடு சேர்ந்து வரும் துணைப் பொருட்கள் கூடுதல். அமெரிக்க போர்பன் விஸ்கியையும் ஓட்காவையும் ஒப்பிட்டு 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. போர்பனில் அவை 37 மடங்கு. மறுநாள் போர்பன் குடித்தவர்களுக்குத்தான் அவஸ்தை அதிகம். ஆனால் கவனத்தைச் சோதித்தபோது இரண்டு கோஷ்டியும் ஒரே மாதிரி சொதப்பினார்கள்.

உங்களுக்குப் பிடித்த காக்டெயில்? சிங்கப்பூர் ஸ்லிங்தானே!
– வி.எம்., திருச்சி

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ராஃபிள்ஸ் ஹோட்டலில் ஙியாம் டோங் பூன் என்ற பார்டெண்டர் 1915-இல் உருவாக்கியது என்பார்கள். ஜின், செர்ரி லிக்கர், அன்னாசிச் சாறு என்று ஒரு கல்யாணப் பந்தியே அதற்குள் இருக்கும். ஆயிரக்கணக்கில் குலுக்கியிருக்கிறேன். எனக்கு ஒன்றைக்கூட முழுசாகக் குடிக்க முடிந்ததில்லை, பன்னீர் சோடாவில் பழச்சாறு ஊற்றினாற்போல.

என் நாக்குக்கு நெக்ரோனி. இத்தாலிக்காரர்களுடையது. ஜின், காம்பாரி என்ற கசப்பு மது, ஸ்வீட் வெர்முத் என்ற இனிப்பு மூலிகை ஒயின், மூன்றும் தலா 30 மில்லி. முதல் தடவை காம்பாரியைத் தனியாக நாக்கில் வைத்தபோது அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. காய்ச்சல் என்றால் நிலவேம்புக் கஷாயத்தை மூக்கைப் பிடித்து ஊற்றிவிட்டு, உடனே ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் திணிப்பாள். கசப்பு முழுசாகப் போகாது, இனிப்பும் முழுசாக வராது. நெக்ரோனியில் அந்தக் கருப்பட்டி வேலையைப் பார்ப்பது வெர்முத்.

இதைக் குலுக்கக் கூடாது. பெரிய ஐஸாகப் போட்டு நிதானமாகக் கலக்க வேண்டும். பிறகு ஆரஞ்சுத் தோல். வெளிப்பக்கம் கிளாஸைப் பார்க்கும்படி பிடித்து ஒரு மடி மடித்தால் எண்ணெய் பொடிப்பொடியாகத் தெறித்து மேலே மிதக்கும். முதல் வாய்க்கு முன்னால் மூக்குக்குப் போவது அதுதான்.

எங்கள் ஊர்க் கடையில் காம்பாரி கேட்டால் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். அதனால் இப்போது டானிக் வாட்டர், எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. அதோடு சரி. அந்தக் கசப்பு கொய்னாவினுடையது. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் நடுவட்டத்தில், மலேரியாவுக்காக வெள்ளைக்காரன் சிங்கோனா வளர்த்துப் பட்டை உரித்ததும் அந்தக் கொய்னாவுக்குத்தான்.

இனிப்பான காக்டெயில் கேட்டேன். பார்டெண்டர் சிரித்தார். என் டேஸ்ட் மட்டமா?
– ஜே., கோவை

சிரித்தவர்தான் மட்டம். ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 20, சர்க்கரைப் பாகுக்குப் பதிலாக நன்னாரி சிரப் 20. ஐஸ் போட்டுக் கை மரத்துப்போகும்வரை குலுக்கச் சொல்லுங்கள். அவருக்கு அளவு தெரியாவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள்.